போஞ்சிப் பாத்தியில் அம்மன்

பன்விலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல்லயத்து வரிசை வீடுகளில் ரத்தினம்மாவைப்போல் பக்தியுள்ளவள் கிடையாது. ஊர் அப்படிச் சொல்வதற்கு முன்பே அவள் சொல்லிவிடுவாள். அவளுடைய கணவர் ராஜலிங்கம் மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர். வெள்ளிக்கிழமைப் பூசைக்கு மணியடிப்பதும் அவர்தான், பங்குனித் திருவிழாவுக்குக் காசு சேர்க்க வீடு வீடாய் ஏறி இறங்குவதும் அவர்தான். கோயில் தன் வீட்டின் இன்னொரு அறை என்ற நினைப்பு ரத்தினம்மாவுக்கு எப்போதும் உண்டு.

சாமிக்குப் பயந்தவன் தப்புச் செய்யமாட்டான், பயமில்லாதவன் எதையும் செய்வான் என்பது அவளுடைய கட்சி. அதைச் சொல்லும்போதெல்லாம் அவள் கண் நாலு வீடு தள்ளியிருக்கும் லெட்சுமணன் வீட்டுப் பக்கம் போகும். லெட்சுமணன் ஆட்டோ ஓட்டுகிறவன். மற்ற ஆட்டோக்களில் முருகனோ மாதாவோ புத்தரோ கண்ணாடியில் துணைக்கு வருவார்கள். அவனுடையதில் லைசன்ஸ் துண்டு மட்டும்தான். கோயிலுக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டால், அப்படியே விட்டுப்போய்விட்டது என்பான். பிள்ளை செத்தது, நேர்த்திக்கடன் பலிக்கவில்லை என்று ஏதாவது சொல்லியிருந்தால்கூட ஊர் பாவம் பார்த்திருக்கும். ஒரு காரணமும் இல்லாமல் சாமியை விட்டவனை ஊர் என்னதான் செய்வது?

அந்த மாசியில் மழையே இல்லை. மலை ஊற்றிலிருந்து கறுப்புக் குழாய் வழியாக வரும் தண்ணீர்தான் லயத்துக்கு மேலேயுள்ள தாங்கியை நிரப்பும். ஊற்று மெலிந்தாலும் ராத்திரி முழுக்க வந்தால் காலைக்குப் போதும். ஆனால் காலையில் பார்த்தால் தாங்கியின் அடியில் சேறுதான் கிடந்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கீழே பீலிக்கு இறங்கினார்கள். பாறையிடுக்கில் தகரத்தைச் செருகித் தண்ணீர் விழ வைத்திருக்கும் இடம் அது. இறங்கும் படியெல்லாம் பாசி. அங்கேதான் மூக்காயி வழுக்கி விழுந்து கால் முறிந்தாள். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை, அள்ளித்தர ஆளில்லாமல் தானே போனவள். அவளைத் தூக்கி ஆட்டோவில் கிடத்திப் பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் லெட்சுமணன்.

அன்றைக்கே ஆண்கள் குழாய் வழியைப் பிடித்துக்கொண்டு மேலே போனார்கள். லெட்சுமணன் வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டில் குழாயை யாரோ கழற்றி மாட்டிய அடையாளம் இருந்தது. ராத்திரியில் தண்ணீரைத் திருப்பிவிட்டு விடிவதற்குள் மாட்டியிருக்கிறார்கள். யார் என்று மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரத்தினம்மா முடிவுக்கு வந்துவிட்டாள். தண்ணீருக்கு ஊரே தவிக்கும்போது ஆட்டோவைத் தினமும் கழுவுகிறவன் யார்? அவன்தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான் என்று ஒருத்தி சொன்னபோது அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. செய்த தப்பு நெஞ்சில் குத்தியிருக்கும், இல்லாவிட்டால் இவனுக்கு என்ன அக்கறை?

அந்த மேட்டுக்கு அப்பால்தான் ராஜலிங்கத்தின் போஞ்சிப் பாத்தி, பீன்ஸ் கொடி ஏற்றிய சின்னத் துண்டு. எல்லாருடைய பாத்தியும் பழுத்துக் கருகிக்கிடக்க, இது மட்டும் கொடியோடு காயோடு நின்றது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். அம்மன் நம்ம பாத்தியில் கண்திறந்திருக்கிறாள் என்று ரத்தினம்மா சொன்னதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். கோயிலுக்கு இவ்வளவு செய்கிறவருக்கு அம்மன் இதைக்கூடச் செய்யமாட்டாளா?

மூக்காயி விழுந்த அன்று மாலை, ஆஸ்பத்திரிக்குக் கறிவைத்து அனுப்பலாமென்று ரத்தினம்மா போஞ்சி பறிக்கப் போனாள். பாத்திக்குள் கால் வைத்ததும் மண் புதைந்தது. விரல்களுக்கிடையில் சேறு குளிர்ந்து ஏறியது. குனிந்து அந்த ஈரத்தைப் பார்த்தாள். பிறகு தாயே என்று வாய்விட்டுச் சொல்லிக் காயைப் பறித்து மடியில் போட்டாள். கழுவத் தண்ணீர் இல்லாததால் காலை மானாப்புல்லில் துடைத்துக்கொண்டாள்.

ஆளுக்கு ஆள் சூடமடித்துச் சத்தியம் செய்யட்டும் என்ற யோசனையும் அவளுடையதுதான். வெள்ளிக்கிழமை காலை அம்மன் முன்னால் தட்டில் சூடம் எரிந்தது. வீட்டுக்கு ஒருவர் வந்து, தண்ணீரைத் திருப்பியது நானில்லை என்று சொல்லி உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். முதலில் அணைத்தவர் ராஜலிங்கம். தலைவரென்றால் முன்னால் நிற்க வேண்டும் அல்லவா?

லெட்சுமணனும் வந்தான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் வந்தான்.

"தண்ணிய நான் திருப்பல, அண்ணே. ஆனா சூடத்தைத் தொடமாட்டேன். எனக்கு நம்பிக்கையில்லாத ஒன்ன அடிச்சுச் சத்தியம் பண்ணினா, அது உங்க எல்லாரையும் ஏமாத்துறது."

ராஜலிங்கம் தட்டில் அடுத்த சூடத்தை எடுத்துவைத்தார். ரத்தினம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"குத்தமில்லாத கை எதுக்குப் பின்வாங்குது?" என்றாள்.

அதோடு முடிந்தது. அவன் வீட்டுக்குப் போகும் குழாயை அடைத்தார்கள். அவனுடைய ஆட்டோவில் ஏறுவதை நிறுத்தினார்கள். அவன் மனைவி வேலாயி பீலிப் பாசியில் ஏறி இறங்கத் தொடங்கினாள். திருவிழாவுக்குக் காசு கேட்டு அந்த வீட்டுப் பக்கம் யாரும் போகவேண்டாம், அவர்களும் கோயிலுக்குள் வரவேண்டாம் என்று கமிட்டி சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு தாங்கி நிரம்பியது. கண்டீர்களா, சத்தியத்தின் சக்தி என்றார்கள். கொஞ்ச நாளில் ராஜலிங்கத்தின் போஞ்சியும் வாடியது. சாமி இல்லை என்கிறவன் மிதித்த கோயிலில் அம்மன் எப்படி முகம் கொடுப்பாள் என்று அதையும் லெட்சுமணன் தலையில் கட்டினாள் ரத்தினம்மா.

ராஜலிங்கம் அந்த வருஷம் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்துகொண்டார். தாடி விட்டார், கருவாடு தொடவில்லை, வீட்டில் பேச்சும் குறைந்தது. ரத்தினம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. திருவிழாவுக்கு முந்திய வாரம், காய்ந்த கொடிகளைப் பிடுங்கிச் சுத்தம் செய்யலாமென்று அவள் பாத்திக்குப் போனாள். வேலியோரம் மானாப்புல் குவியலை இழுத்தபோது உள்ளே சுருட்டிவைத்த நீலக் குழாய் வந்தது. அதன் முனையில், கறுப்புக் குழாயில் மாட்டுவதற்கென்று சூடுகாட்டி விரித்த வாய்.

மத்தியானச் சோற்றுக்கு முன்னால் அதைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டாள். அவர் மறுக்கவில்லை. கண்ணெதிரே கொடி கருகுவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு ராத்திரி திருப்பியதாகவும், பிறகு விடமுடியவில்லை என்றும் சொன்னார். மூக்காயி விழுந்ததிலிருந்து தூக்கமில்லை என்றார். அழுதுவிடுவார்போல் இருந்தது.

"அப்ப எப்பிடிங்க சூடத்தை அடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லி அழுதுட்டேன். தீச்சட்டி எடுக்குறேன்னும் நேர்ந்துட்டேன். அவ மன்னிச்சிருவா. சனம் மன்னிக்காது, ரத்தினம்."

இத்தனை காலம் சாமிக்குப் பயம், சாமிக்குப் பயம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாளே, அந்தப் பயம் இவ்வளவுதான். அம்மனுக்கு அவர் மெய்யாகவே பயந்தவர். அதைவிட அதிகமாக அடுத்த வீட்டுக்குப் பயந்தார். தான் மட்டும் என்ன வாழ்ந்தது என்று ரத்தினம்மா நினைத்தாள். நீலக் குழாயை மறுபடி புல்லுக்குள் திணித்துவிட்டு வந்தவள் அவள்தான். திருவிழா முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னதற்குத் தலையாட்டியவளும் அவள்தான். மறுநாள் ஒற்றையடிப் பாதையில் குடத்தோடு எதிரே வந்த வேலாயி, கோயில் தலைவர் மனைவி என்று சரிவில் ஒதுங்கி வழிவிட்டாள். குடம் சாய்ந்து அவள் சேலை நனைந்தது. ரத்தினம்மா தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோனாள்.

திருவிழாவன்று ராஜலிங்கம் மஞ்சள் வேட்டியோடு தீச்சட்டி ஏந்தி வந்தார். தப்பு மேளம் முழங்கியது. தீச்சட்டிக்காரர் காலுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி விழுந்து கும்பிடுவது வழக்கம். கூட்டம் விலகி வழிவிட, கக்கத்தில் ஊன்றுகோலோடு மூக்காயி வந்தாள். மறு கையில் செம்பு. அதிலிருந்தது வேலாயி பீலியிலிருந்து அள்ளிக்கொடுத்த தண்ணீர். வேலாயி கோயில் வேலிக்கு வெளியே நின்றாள், உள்ளே வர அவளுக்கு அனுமதியில்லை. மூக்காயி முறிந்த காலை நீட்டிக்கொண்டு குனிய முடியாமல் குனிந்தாள்.

ரத்தினம்மா அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"ஊத்தாதீங்க அக்கா. தண்ணியத் திருப்பினது இவருதான்."

தப்பு நின்றது. ஒருத்தி ஓடிவந்து ரத்தினம்மாவின் நெற்றியில் திருநீற்றைப் பூசினாள். ஆத்தா வந்துவிட்டாள், ரத்தினத்தின் மேல் ஆத்தா இறங்கிவிட்டாள் என்று குரல்கள் எழுந்தன. வேப்பிலை வந்தது. ராஜலிங்கத்தைவிட மூத்த ஆட்கள் அவள் காலில் விழக் குனிந்தார்கள். எவ்வளவு லேசாகப் போயிருக்கும்! தலையை விரித்து இரண்டு ஆட்டம் ஆடினால் போதும், சொன்னவள் அம்மனாகிவிடுவாள். புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பேர் வராது, இத்தனை நாள் மூடிவைத்தவள் என்ற பேரும் வராது. அவளுடைய தலைமுடிகூட ஏற்கெனவே பாதி அவிழ்ந்திருந்தது.

வேப்பிலையைத் தள்ளிவிட்டாள்.

"எனக்குச் சாமி வரல. நாந்தான் சொல்றேன். எனக்கு முந்தியே தெரியும்."

குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அவளுடைய கண்கள் வேலிக்கு வெளியே நின்ற வேலாயியைத் தேடிப்போய், முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிவந்தன. மூக்காயி செம்பைத் தரையில் வைத்தாள்.

"ரத்தினம், ஆஸ்பத்திரிக்குப் போஞ்சிக் கறி குடுத்து விட்டியே. அப்பவே தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. அதுதானே உண்மை, அப்படித்தானே அவள் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தாள். சொல்வதற்கு வாயைத் திறந்தாள். விரலிடுக்கில் குளிர்ந்து ஏறிய சேறு ஞாபகம் வந்தது. யாரும் சூடம் ஏற்றவில்லை, சத்தியம் பண்ணு என்று யாரும் கேட்கவுமில்லை. இருந்தும் அந்த ஒரு சொல் அவள் வாயிலிருந்து வரவேயில்லை.