பத்து மணி வரை கதவைத் திறக்காதீர்கள்

பயணப் படிவத்தில் ‘நோக்கம்’ என்ற கட்டத்தில் அவன் ‘தராசு சோதனை’ என்று எழுதினான். பொய்யில்லை. பாதி உண்மை.

மீதிப் பாதி வீட்டு அலமாரியின் மேல்தட்டில், கறுப்புப் பைக்குள் இருந்தது. மனைவியின் கேமரா, முழங்கை நீள லென்ஸ், மூன்று பேட்டரி. அவள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. பையின் ஜிப்பை யாரும் தொடவில்லை.

ஊர் ஊராகப் போய் மருந்துத் தொழிற்சாலைகளின் தராசுகளைச் சரிபார்ப்பது அவன் பிழைப்பு. மேசைமேல் கை ஊன்றினால்கூடக் காட்டிக்கொடுக்கிற தராசுகள். அலுவலகத்தில் அவனுக்குத் தராசு டாக்டர் என்று பெயர். அவள் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுகிறவள். மடிக்கணினி இருக்கிற இடம்தான் அவளுக்கு அலுவலகம். அதனால் அவன் எங்கே போனாலும் தொற்றிக்கொள்வாள். அவன் டிக்கெட் பார்ப்பதற்குள் அவள் அந்த ஊரையே அலசி முடித்திருப்பாள். தொழிற்சாலையைச் சுற்றி எங்கே தண்ணீர், எங்கே புதர், வெயில் எந்தப் பக்கம் விழும், எட்டு மணிக்குள் திரும்ப முடியுமா.

“உனக்கு ஊருன்னா கம்பெனி. எனக்கு ஊருன்னா ஏரி. ரூம் மட்டும் உங்க ஆபீஸ் தலையில,” என்பாள்.

முக்காலி தூக்குவது அவன் வேலை. படம் எடுப்பது அவள் வேலை. அவளுடைய பட்டியலில் மற்றதெல்லாம் கிடைத்துவிட்டது. விராலடிப்பான் மட்டும் தண்ணி காட்டிக்கொண்டே இருந்தது. மீன் தின்னும் பருந்து. வானத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும். பிறகு கால்களை முன்னே நீட்டிக்கொண்டு தண்ணீரில் விழும். அந்த விழுகிற கணம்தான் அவளுக்கு வேண்டும். மரத்தில் உட்கார்ந்திருக்கிற படம் யாருக்கு வேண்டும்? “அது பாஸ்போர்ட் போட்டோ,” என்பாள்.

போன வருடம் ஓர் அணைக்கட்டு ஏரியில் அது அவர்கள் தலைக்கு மேலேயே எழும்பியது. காலை ஆறே முக்கால். அப்போது மேலாளர் அழைத்தார். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் ஃபயர் சர்வீஸ். அவர் கைபட்டால் எந்த வேலையும் தீப்பிடித்த வேலைதான். ஏழரைக்குத் தொழிற்சாலையில் இருக்க வேண்டும் என்றார். அவன் “சரி சார்” என்றான்.

அவள் முக்காலியின் கால்களை மடக்கினாள். “விடு. அடுத்த தடவ.”

ஏழரைக்கு அங்கே காவலாளி மட்டும் இருந்தார். ஆய்வக அதிகாரி வந்தது பத்துக்கு. இரண்டரை மணி நேரம் அவன் வரவேற்பறை பெஞ்சில் உட்கார்ந்து, சுவரில் இருந்த தீத்தடுப்பு விதிகளை மனப்பாடம் செய்தான்.

இரண்டு மாதம் கழித்து அவள் மூளையில் ஒரு நரம்பு வெடித்தது. காலையில் பல் தேய்த்தவள் மதியம் இல்லை.

இப்போது அதே தொழிற்சாலை மறுபடி கூப்பிட்டிருந்தது.

“காலைல ஏழுக்குப் போ. மத்தியானத்துக்குள்ள ரிப்போர்ட். சாயங்காலம் வண்டி ஏறிடு,” என்றார் மேலாளர்.

“முந்தின நாளே போறேன் சார்.”

“எதுக்கு?”

அவன் ஒரு தாளை மேசையில் வைத்தான். நிறுவனத்தின் சொந்தக் கையேடு, பக்கம் முப்பத்தொன்று. சோதனைக்குக் கொண்டுபோகிற எடைக்கற்கள் தராசு இருக்கும் அறையிலேயே பதினாறு மணி நேரம் இருந்து அந்த அறையின் சூட்டுக்கு வர வேண்டும். தராசை அணைக்கக் கூடாது. கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே நிற்கிற ஆளின் உடம்புச் சூடுகூடத் தராசு காட்டும் எண்ணை மாற்றிவிடும். அடியில் மேலாளரின் கையெழுத்து.

“இதெல்லாம் யாருப்பா பாக்குறா? ஏழு வருஷமா ஒரு மணி நேரத்துல முடிச்சிட்டு வந்தவன்தானே நீ?”

“ஏழு வருஷமா தப்பாப் பண்ணிருக்கேன் சார்.”

“இப்ப மட்டும் என்ன திடீர் ஞானோதயம்?”

“கையெழுத்து உங்களுதுதானே சார்.”

மேலாளர் தாளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பழைய நாளாக இருந்தால் கத்தியிருப்பார். பத்து மாதமாக அவனிடம் மட்டும் குரலை இறக்கியே பேசுகிறார். அந்த இரக்கம் சட்டைக் காலரில் தைத்த துணிச்சீட்டு மாதிரி அவனை உறுத்திக்கொண்டிருந்தது.

“சரி, போ. ஆனா கஸ்டமர் கூப்பிட்டா ஓடணும். புரியுதா?”

அவன் தாளை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டான்.

அன்று மாலை அக்கா வந்தாள். கறுப்புப் பை சாப்பாட்டு மேசையில் இருந்தது.

“அதை ஏன்டா இறக்கினே?”

“ஊருக்குப் போறேன்.”

“வேலைக்குத்தானே?”

“ரெண்டுக்கும்.”

“உனக்கு அத ஆன் பண்ணவாவது தெரியுமா?”

“தெரியாது.”

“உன் அத்தான் ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார்டா. குடுத்துடேன். கண்ணு முன்னாடி கிடந்தா நீ எப்படித் தேறுவே? பத்து மாசம் ஆச்சு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“எல்லாரும் என் நல்லதுக்குத்தான் சொல்றீங்க. நான் யார்கிட்டயும் கேக்கலையேக்கா.”

அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் கொஞ்ச நேரம் பேசின. பிறகு உள்ளேயிருந்தே கேட்டாள்: “பேட்டரிய சார்ஜ் போட்டியா, மக்கு?”

போடவில்லை. போட்டான்.

கேமராவின் தலையில் எண்கள் போட்ட ஒரு திருகு. பக்கத்தில் ஒட்டியிருந்த துண்டுத்தாளில் அவள் கையெழுத்து: ‘1 பறக்கிறது. 2 சும்மா இருக்கிறது.’ தனக்காக எழுதிக்கொண்டது. மூன்று நாள் மாடியில் காகங்களை வைத்துப் பழகினான். முதல் நாள் படத்தில் மாடிக் கைப்பிடிக் கம்பி மட்டும் விழுந்தது. இரண்டாம் நாள் ஒரு வால். மூன்றாம் நாள் முழுக் காகம்.

பயண நாளில், மாலை ஆறு மணிக்குத் தொழிற்சாலை ஆய்வகத்தில் எடைக்கற்களின் பெட்டியைத் தராசுக்குப் பக்கத்தில் திறந்து வைத்தான். கதவைச் சாத்தி அறிவிப்பு ஒட்டினான்: ‘நாளை காலை பத்து மணி வரை கதவைத் திறக்காதீர்கள்.’

ஆய்வக அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் படித்தார். “போன வருஷம் வந்தவர் ஒரு மணி நேரத்துல முடிச்சாரே?”

“நான்தான் மேடம் அது.”

“அப்ப அந்த ரிப்போர்ட்டு?”

“அதுக்கும் சேத்துத்தான் இந்தத் தடவ ஒழுங்காப் பண்றேன்.”

அவர் அவனை ஒரு மாதிரி பார்த்தார். “நல்லது. பத்து வரைக்கும் இந்தக் கதவு என் பொறுப்பு,” என்றார்.

மறுநாள் விடியும்போது அவன் ஏரிக்கரையில் இருந்தான். அதே இடம். முக்காலியின் ஒரு கால் போன வருடம் போலவே சேற்றில் இறங்கியது. தண்ணீருக்குள் நின்ற பட்டமரத்தில் விராலடிப்பான் உட்கார்ந்திருந்தது. திருகை இரண்டில் வைத்துவிட்டு அவன் அதைப் பார்த்தான். அது அவனைப் பார்த்தது.

ஆறே முக்காலுக்கு அது எழும்பியது. நடு ஏரிக்கு மேல் நின்று சிறகடித்தது. விழுந்தது. அவன் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தான். திரையில் பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல். திருகு இரண்டிலேயே இருந்தது. அவள் இருந்திருந்தால் முக்காலியாலேயே போட்டிருப்பாள்.

பறவைக்கும் மீன் தப்பிவிட்டது. உடம்பை உதறிக்கொண்டு மறுபடி மேலே ஏறியது.

ஃபோன் அடித்தது.

“டாக்டர், எங்க இருக்கே?”

“ஏரிக்கரையில சார்.”

“எங்க?”

“ஏரிக்கரை. மீன் பிடிக்கிற பருந்து ஒண்ணு. படம் எடுக்க வந்தேன்.”

“எடைக்கல்ல அங்க போட்டுட்டு நீ பறவ பாக்குறியா?”

“நான் அது பக்கத்துல இருக்கக் கூடாது சார். பக்கம் முப்பத்தொண்ணு.”

“அந்த ஃபேக்டரி முதலாளி எட்டு மணிக்கு வர்றாராம்! அவர் முன்னாடி பூட்டின கதவையா காட்டுறது?”

“காட்டட்டும் சார். நோட்டீஸ் ஒட்டிருக்கேன்.”

“விளையாடாதே. இப்பவே கிளம்பு.”

பறவை நிதானமாக வட்டம் போட்டது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“முடியாது சார்.”

“என்ன சொன்னே?”

“போன வருஷம் இதே இடத்துக்குத்தான் ஃபோன் பண்ணீங்க. ஓடினேன். பத்து மணி வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருந்தேன். அவ இந்தப் பறவைய எடுக்காமலே போயிட்டா.”

அந்தப் பக்கமிருந்து மறுபடி அந்த இறக்கிய குரல் வந்தது. “சரிப்பா... உன் நெலமை புரியுது. அதனால இந்த ஒரு தடவ...”

“நெலமைய விடுங்க சார். நான் உங்ககிட்ட கேக்கலை. சொல்றேன். பத்து மணிக்கு அங்க இருப்பேன்.”

இறங்கிய குரல் சட்டென்று ஏறியது. “மெமோ வரும்!”

“அனுப்புங்க.”

எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு மனிதர் அவனிடம் முழுக் குரலில் கத்தியிருந்தார். நன்றாகத்தான் இருந்தது. ஃபோனை அணைத்துப் பையில் போட்டான். திருகை ஒன்றுக்குத் திருப்பினான்.

பறவை நின்றது. சிறகடித்தது. விழுந்தது.

படத்தில் இடது சிறகின் நுனி வெட்டுப்பட்டிருந்தது. மற்றதெல்லாம் இருந்தது. நீட்டிய கால்கள், மஞ்சள் கண், உடைகிற தண்ணீர். அவன் அழவில்லை. படத்தைப் பெரிதாக்கி, கண் கூர்மையாக இருக்கிறதா என்று அவள் பார்ப்பதுபோல் பார்த்தான். இருந்தது.

கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. இன்னும் நேரம் இருந்தது. அது அவனுடைய நேரம். பறவை பட்டமரத்தில் மீனைக் கிழித்துத் தின்றது. அதையும் ஒன்று எடுத்தான். பாஸ்போர்ட் போட்டோ.

பத்தடிக்க ஐந்து நிமிடத்துக்கு முன்னால் சேற்றுச் செருப்போடு தொழிற்சாலைக்குள் நுழைந்தான். கதவு சாத்தியபடியே இருந்தது. அறிவிப்புக்குக் கீழே நீல மையில் ஆய்வக அதிகாரியின் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்திருந்தது: ‘முதலாளி உட்பட.’

மெமோ வெள்ளிக்கிழமை வந்தது. ஒரு பக்கம்தான் அச்சடித்திருந்தார்கள். மறுபக்கத்தில் அவன் அடுத்த மாதம் போக வேண்டிய ஊர்களை எழுதினான். ஒவ்வோர் ஊருக்கும் நேரே, அங்கே தண்ணீர் எங்கே இருக்கிறது என்று எழுதினான்.