ரியுனுக்கு அடித்த பேனர்

எல்லாரும் சுகம்தானே? உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா? எனக்குக் கண் ஆபரேஷன் ஆகி மூன்று வாரம். இப்போது எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. பத்து நாள் முன்னால் இப்படித் தெரிந்திருந்தால் இந்தக் கூத்தே நடந்திருக்காது.

என்னை நானி என்று கூப்பிடும் மகள் வயிற்றுப் பேத்தி ரூஹிக்கு ரியுன் என்கிற கொரியப் பாடகன் என்றால் உயிர். அவன் பிறந்தநாளுக்கு இங்கே உள்ள ரசிகைகள் ஒரு காபி கடையில் கூடுவார்கள். அவன் படம் சுற்றிய கப்பில் காபி குடித்து, ஆடிப் பாடி, கேக் வெட்டுவார்கள். அவன் என்னவோ சியோலில்தான் இருப்பான்! இந்த வருஷம் அபிராமபுரத்தில் கூட்டம், ஏற்பாடு முழுக்க ரூஹி. போனிலேயே பழகிய இருபத்து மூன்று பெண்களை அன்றைக்குத்தான் முதல்முதலாக நேரில் பார்க்கப் போகிறாள். ஏதாவது சொதப்பினால் அப்புறம் குழுவில் தலைகாட்ட முடியாது என்று அவளுக்கு ஒரு வாரமாகச் சோறே இறங்கவில்லை.

"பேனரை நான் பாத்துக்கறேன்" என்று வாயை விட்டது நான்தான்.

மயிலாப்பூரில் சேரன் என்கிற பையனுடைய ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். முகத்தில் கறுப்புக் கண்ணாடி. சொட்டு மருந்து விட்ட கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டுகிறது. ரூஹி கொடுத்த படமோ கறுப்பு வெள்ளை, பையன் சோகமாக எங்கேயோ பார்க்கிறான். "எங்க புள்ள" என்றேன். அவன் பிறந்த தேதி, முதன்முதலில் மேடை ஏறிய தேதி இரண்டையும் எழுதிக் கொடுத்தேன். எது எந்தத் தேதி, எதற்குப் பேனர் என்று சொல்ல விட்டுப்போயிற்று. 'உன்னை என்றும் மறவாத சென்னை ரசிகைகள்' என்று கீழே போடச் சொன்னேன்.

"மனச தேத்திக்கோங்கமா. உங்க வேலதான் மொதல்ல" என்றான் சேரன்.

எவ்வளவு நல்ல பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். மாதிரியைப் போனில் அனுப்பினான். எனக்கு எல்லாம் புகைமூட்டம். சரிப்பா என்று சொல்லிவிட்டேன்.

பிறந்தநாள் அன்று மதியம் இரண்டு மணிக்குக் காபி கடைச் சுவரில் பேனரைக் கட்டினோம். ரூஹி அலறினாள்.

"நானீ! கண்ணீர் அஞ்சலின்னு போட்டுகீது!"

மேல் வரியில் கண்ணீர், கீழ் வரியில் அஞ்சலி. பிறந்த தேதிக்குத் 'தோற்றம்'. மேடை ஏறிய தேதிக்கு 'மறைவு'. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வேறு.

"மூணு மணிக்கு அல்லாரும் வந்துருவாங்க. பொறந்தநாள் அன்னிக்கே அவன கொன்னுட்டீங்களே நானி!"

உடனே சேரனுக்குப் போன் போட்டேன்.

"சேரா, பையன் உசுரோட கீறான்பா!"

"இன்னாது? கண்ண தொடச்சிகினே எங்க புள்ளன்னது நீங்கதானமா?"

"அது சொட்டு மருந்துடா!"

"ஐயோ! புச்சா அடிக்க டைம் இல்லமா. ஸ்டிக்கர் வேணா வெட்டிக்கினு வரேன். இன்னா எழுத்து, சீக்கிரம் சொல்லு."

ரூஹி அதற்குள் பேனரைக் கிழிக்கப் போய்விட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரம் படித்துப் பார்த்தேன்.

"அஞ்சலி மேல தங்கக் கலர் பட்டை ஒண்ணு ஒட்டிடு. கண்ணீர் இருக்கட்டும். அதுக்கு மேல இருக்கிற காலி எடத்துல ஆனந்தக்னு ஒட்டு. மறைவு இருக்கிற எடத்துல மேடை."

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சேரன் பைக்கில் வந்து இறங்கினான். ஸ்டூல் மேல் ஏறி ஒட்டி முடித்து, படத்தின் கன்னத்தைத் தட்டினான். "நூறு வருஷம் நல்லா இரு நைனா!"

முதலில் வந்தது தூபா. குழுவுக்கே அவள்தான் தலைவி, யாரையும் லேசில் பாராட்ட மாட்டாளாம். ரூஹி என் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தூபா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"ஆ... னந்... தக் கண்ணீர். ஏய் ரூஹி, யாருடி எழுதுனது? நெஜமாவே அழுதுடுவேன் போல!"

"எங்க நானி" என்றாள் ரூஹி, முந்தானையை விட்டுவிட்டு.

இருபத்து மூன்று பேரும் குத்துவிளக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என்னை நடுவில் நிற்க வைத்தார்கள். அடுத்த வருஷமும் ஏற்பாடு ரூஹிதான் என்று தூபா அங்கேயே சொல்லிவிட்டாள். ஒரு வாரமாகச் சோறு இறங்காத ரூஹி அன்றைக்கு இரண்டு துண்டு கேக் சாப்பிட்டாள்.

உங்கள் வீட்டு விசேஷத்தில் பேனரிலோ பத்திரிகையிலோ இப்படி எழுத்து காலை வாரியிருக்கிறதா? எப்படிச் சமாளித்தீர்கள்? ஒன்றுவிடாமல் எழுதுங்கள், ரூஹியும் நானும் சேர்ந்து படிக்கிறோம்.