மூன்று கோடா, நான்கு கோடா

அண்ணி தீப்பெட்டியைத் திறந்து என் ஆய்வக மேசையில் வைத்தாள். உள்ளே ஒரே ஒரு ஈ. குண்டூசியை முதுகின் நட்டநடுவில் குத்தியிருந்தாள்.

"அலுங்காம குலுங்காம கொண்டுவந்திருக்கேன். பாத்துச் சொல்லு."

அதுதான் தப்பு. ஈயைக் குத்தும்போது ஊசி சற்று வலப்பக்கம் தள்ளி இறங்க வேண்டும். ஈயின் இடமும் வலமும் ஒன்றுபோல இருப்பதால் ஒரு பாதி சிதைந்தாலும் மறுபாதி சொல்லிவிடும். நடுவில் இருப்பதற்கு மட்டும் ஜோடி கிடையாது.

அண்ணி முதன்முதலாகத் தன் பொறுப்பில் வளர்க்கும் பட்டுப்புழுக்கள் செத்துக்கொண்டிருந்தன. கொட்டகையில் சுற்றிய ஈ இது. இறைச்சி ஈ என்றால் செத்ததை மொய்க்க வந்தது. மிச்சப் புழுக்களைக் காப்பாற்றப் பார்க்கலாம். ஒட்டுண்ணி ஈ என்றால் உயிருள்ள புழுவின் தோலில் முட்டை வைத்திருக்கும், பொரிந்தவை துளைத்து உள்ளே போயிருக்கும். கொட்டகையையே காலி செய்ய வேண்டும். இரண்டும் ஒரே சாம்பல் நிறம். முதுகில் கறுப்புக் கோடு மூன்றென்றால் முதலாவது, நான்கென்றால் இரண்டாவது. இதில் ஓரத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. நடுவில் இருந்தது ஒன்றா இரண்டா என்பதை ஊசி தின்றுவிட்டது.

"ஏய் ஈக்காரி, இதுக்கெல்லாமா உனக்குச் சம்பளம் தர்றாங்க?" என்றான் அவளோடு வந்திருந்த அண்ணன்.

"நீங்க கடையில ஈ ஓட்டுறதுக்கு, இவ ஈ பாக்குறது எவ்வளவோ மேல்," என்றாள் அண்ணி.

அவன் சிரித்தான். நான் ஈயை நுண்ணோக்கியின் அடியில் வைத்துக் குமிழைத் திருகினேன்.

கோடு போனால் என்ன, வேறு அடையாளங்கள் இருக்கின்றன. முகத்தில் இரண்டு குட்டை உணர்கொம்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு முடி. இறைச்சி ஈக்கு அது இறகு போலக் கிளைத்திருக்கும். இதற்கு மொட்டையாக இருந்தது. ஒட்டியிருந்த கிளைகள் உதிர்ந்தும் போயிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஈயைப் பக்கவாட்டில் திருப்பினேன். முதுகு முடியும் இடத்தில் முக்கோணமாக ஒரு தகடு உண்டு. அதற்குக் கீழே, தலையணைக்கு அடியில் இன்னொரு தலையணை வைத்ததுபோல, ஒரு புடைப்பு. இறைச்சி ஈக்கு அது இருக்காது.

இருந்தது. பளபளவென்று.

"அண்ணி, புழு உடம்புல எங்கேயாவது கறுப்பா புள்ளி இருக்கா?" துளைத்துப் போன இடத்தில் தோல் அப்படிக் கறுக்கும்.

அவள் முகம் மலர்ந்தது. "இருக்கே! மச்சக்காரனுங்க. அதுங்களை மட்டும் தனித் தட்டுல வச்சு, நல்ல இலையாப் பொறுக்கிப் போடுறேன். அடுத்த தடவை வளர்க்க இதுங்ககிட்டயே முட்டை எடுக்கலாம்னு..."

என் முகத்தைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினாள்.

"அது மச்சம் இல்ல அண்ணி. உள்ள போன வழி."

"எல்லாத்துக்குள்ளயுமா?"

"புள்ளி உள்ளதுல நிச்சயமா. மத்ததுல முட்டை ஒட்டியிருக்கலாம். மொத்தத்தையும் சுடுதண்ணியில போட்டுடணும். விட்டா, அதுக்குள்ள இருந்து வெளிய வர்ற ஈ பக்கத்துக் கொட்டகைக்கும் போகும்."

அண்ணி ஈயை எடுத்துத் தீப்பெட்டியில் வைத்து மூடினாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை. குண்டூசித் தலை தடுத்தது. அவள் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

"நான் பாத்துக்குறேன். நீ இங்கயே இவகூட இரு," என்றான் அண்ணன், மெதுவாக.

"உங்களுக்கு எந்தத் தட்டுன்னு தெரியாது," என்று அவள் எழுந்தாள். "இலை போட்டதும் சாப்பிடுற சத்தம் மழை மாதிரி கேக்கும். கடைசியா ஒரு தடவை போட்டுட்டு, அது முடிஞ்சப்புறம் செய்யலாமா?"

அதற்குள் ஏதாவது ஒரு பட்டுப்புழுவை உள்ளிருந்து தின்று வளர்ந்தவை வெளியே வந்துவிடலாம். சொல்ல வேண்டியது அதுதான்.

"வேண்டாம் அண்ணி," என்றேன்.