மாறிப்போன சாவி

தகர ரோபோ ஒன்றைக் கையில் கொடுத்தால் எந்தக் கம்பெனி செய்தது, எந்தச் சந்தைக்கு அனுப்பியது என்று சொல்லிவிடுவேன். அதுதான் என் பிழைப்பு. மனிதர்களைப் பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அப்பாவுக்குப் பின் அம்மாவும் போனபிறகு என் வீட்டில் சத்தம் போடுவது ஃப்ரிட்ஜ் ஒன்றுதான், அதுவும் முனகல்.

அன்று பட்டறைக்கு ஒரு பெண் வந்தாள். என்னைவிட ஓரிரண்டு வயது சின்னவள். துண்டில் சுற்றிய ரோபோவை மேசையில் வைத்தாள்.

“அப்பா வாங்கிக் குடுத்தது சார். பொம்மைக் காட்சியகத்துல வைக்கக் கேக்கறாங்க. அப்பா பேரையும் போடுவாங்களாம். ஆனா எல்லாம் அசலா இருக்கணுமாம்.”

கவிழ்த்துப் பார்த்தேன். பாதத்தில், வட்டத்துக்குள் ஒரு பறவை. அந்தக் கம்பெனி எனக்கு அத்துப்படி. ஒரே அச்சில் இரண்டு விதமாகச் செய்வார்கள். சொந்த நாட்டில் விற்பதற்கு மார்பில் அவர்கள் எழுத்து, சாவியிலும் பறவை. கடல் தாண்டிப் போவதற்கு மார்பில் ஆங்கிலம், சாவி மொட்டை. துறைமுகக் கடைகளில் மட்டும் இரண்டும் கிடைக்கும். இது சொந்த நாட்டுச் சரக்கு.

“அப்பா கப்பல்ல இருந்தாரா?”

“ஆமா சார், சமையல்காரர். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

பெருமையாகச் சிரித்துக்கொண்டே சாவியைப் பார்த்தேன். மொட்டைச் சாவி. அதன் துளையில் பச்சைத் தூண்டில் நரம்பு, மூன்று சுற்றுச் சுற்றி நுனியைத் தீயில் உருக்கிய முடிச்சு.

என் படுக்கையறை அலமாரியிலும் இதே ரோபோ இருக்கிறது. கப்பலில் சமையல்காரராக இருந்த என் அப்பா கொண்டுவந்தது. அதற்கு ஆங்கில மார்பு, ஆனால் பறவைச் சாவி. இதே பச்சை நரம்பு, இதே முடிச்சு. கடைக்காரன் சாவியை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று இத்தனை வருஷமும் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான். இரண்டு பெட்டியையும் ஒரே இடத்தில் பிரித்து, இரண்டு சாவிக்கும் முடிச்சுப் போட்டு, மாற்றிச் சொருகியது கடைக்காரன் இல்லை. அப்பாதான். வீட்டில் உப்புக்குச் சர்க்கரையைப் போடுகிற சமையல்காரர் அவர்.

“அப்பா போட்டோ இருக்கா?” என்றேன்.

போனில் காட்டினாள். அவள் தோளில் கைபோட்டபடி என் அப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

“வருஷத்துல ஒரு மாசம்தான் வருவாரு. அந்த மாசம் பூரா எங்களுக்குத்தான். அம்மா இன்னும் அதையே சொல்லிட்டிருப்பாங்க. காட்சியகத்துல பேர் வருதுன்னதும் நேத்துலேர்ந்து அவங்க தூங்கவே இல்ல.”

எங்களுக்கும் ஒரு மாதம்தான். மீதியெல்லாம் கடல் என்று நம்பியிருந்தோம்.

எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள். வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது. சொன்னால் எனக்கென்று ஓர் ஆள் கிடைப்பாள். அவள் அம்மாவுக்கு அந்த ஒரு மாதமும் போய்விடும்.

“என்ன சார், போலியா?”

“ரோபோ அசல்தாம்மா. சாவிதான் வேற. சரியான சாவி என்கிட்ட இருக்கு. நாளைக்கு வாங்க, மாத்தித் தரேன்.”

வீட்டுக்குப் போய், என் பறவைச் சாவியிலிருந்த நரம்பை வெட்டினேன். அப்பா போட்ட முடிச்சு அவிழாது.

மறுநாள் சாவியையும் ரோபோ அசல் என்று எழுதிய சான்றிதழையும் கொடுத்ததும் அவள் பழைய சாவியைத் தொட்டாள். “இந்த முடிச்சை மட்டும் குடுங்க சார். அப்பா கட்டினது.”

வெட்டிக் கொடுத்தேன். பத்திரமாகப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

மொட்டைச் சாவி என் ரோபோவுக்கு வந்தது. முதல்முறையாக அதில் எல்லாம் சரியாக இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

காட்சியகம் திறந்தபின் டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். கண்ணாடிக்குள் அவள் ரோபோ. அட்டையில் அப்பாவின் பெயர், ‘தன் ஒரே பிள்ளைக்காக வாங்கியது’ என்ற வரி. அதற்குக் கீழே, ‘அசல் எனச் சான்றளித்தவர்’ என்று, அப்பாவின் முதலெழுத்தோடு என் பெயர்.