தொடுவதற்கு முன்பே விழுகிறவர்கள்

இன்ஸ்பெக்டர் தனசேகரன் மணிக்கட்டைப் பிடித்தால் எப்பேர்ப்பட்ட ஆளும் விழுந்துவிடுவான். போலீஸ்காரனாக இருந்தால் பிடிப்பதற்கு முன்பே விழுவான்.

சங்கராபுரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் பயிற்சி நடந்தது. கைது செய்யப் போகிற இடத்தில் அடிக்காமலும் அடி வாங்காமலும் ஆளை மடக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க, சென்னையிலிருந்து ஏட்டு ராமசாமி வந்திருந்தார். மணமக்கள் உட்காரும் மேடையில் ரப்பர் பாய் விரித்திருந்தார்கள்.

"பாயில ரெண்டு தட்டு தட்டினா வுட்டுடணும். தட்டுறது யாரா இருந்தாலும் சரி," என்றார் ராமசாமி. "கவுந்து கெடக்கறவன் முதுகுல முட்டிய வெச்சு உக்காராதீங்க. மூச்சு நின்னுடும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க."

இன்ஸ்பெக்டர் அப்போது போனில் இருந்தார். தெரிந்தவருக்கு எதற்குப் பாடம்?

அதிகாரி கை வைத்தால் விழவேண்டும் என்று எந்த உத்தரவிலும் எழுதியிருக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கான்ஸ்டபிள் தமிழழகன் இந்தக் கலையில் பலே கெட்டிக்காரன். இன்ஸ்பெக்டரின் விரல் படுவதற்குள் "ஐயோ சார்!" என்று அலறிக்கொண்டு சாய்வான். சாய்ந்த வேகத்துக்கு லீவு மனுவில் கையெழுத்து விழும்.

கான்ஸ்டபிள் செந்தமிழ்ச்செல்விக்குப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அவளும்தான் விழுந்தாள். ரிஷிவந்தியத்தில் அவள் வீட்டு உலை அவள் சம்பளத்தில்தான் கொதித்தது. மூன்றாம் நாள் அவளைக் கவிழ்த்துப் போட்டு, முதுகில் முட்டியை ஊன்றி, இன்ஸ்பெக்டர் போட்டோவுக்குச் சிரித்தார். அவளுக்கு மூச்சு முட்டியது. பாயில் இரண்டு தட்டுத் தட்டினாள். போட்டோ சரியாக விழவில்லையாம், இன்னொன்று எடுக்கச் சொன்னார். அவள் மறுபடி தட்டினாள்.

"செல்வி இன்னாமா நடிக்குது பாரு!" என்றார். மண்டபமே சிரித்தது. ராமசாமி தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏட்டு இன்ஸ்பெக்டரை என்ன சொல்லிவிட முடியும்? செல்விக்கு ராமசாமி மேல் கூடக் கோபம் வரவில்லை. விழுந்து விழுந்து இன்ஸ்பெக்டரை வீரனாக்கிய தன் மேல்தான் வந்தது.

நான்காம் நாள் ஒரு வாரண்ட். வெள்ளிமலைப் பக்கம் பொன்னுரங்கம் என்ற கூலியாள், வரப்புத் தகராறு வழக்கில் இரண்டு வாய்தாவுக்கு வரவில்லை. மலை பஸ் வராத நாளில் அவர் எப்படிக் கோர்ட்டுக்கு வருவார் என்று யாரும் கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் தானே கிளம்பினார். செல்வியும் தமிழழகனும் கூட ஜீப்பில் ஏறினார்கள்.

பொன்னுரங்கம் ஓடவுமில்லை, ஒளியவுமில்லை. வாசலில் வந்து இரண்டு கையையும் நீட்டினார். "சட்டைய மாட்டிக்கினு வந்துடறேங்க சார்."

"அவருக்கு எளப்பு நோவு சார், மூச்சு வாங்கும்," என்றாள் அவர் மனைவி ஆயம்மாள். "மெதுவா இட்டுக்கினு போங்க."

அத்தோடு வேலை முடிந்தது. ஆனால் மூன்று நாளாகப் படித்த வித்தையை எங்கே காட்டுவது? இன்ஸ்பெக்டர் அந்த மணிக்கட்டைப் பிடித்து ஒரு திருகு திருகினார்.

பொன்னுரங்கம் விழவில்லை. பாவம், அவருக்கு யாரும் சொல்லிவைக்கவில்லை. மூட்டை சுமந்த உடம்பு, நின்றது நின்றபடி நின்றது. "இன்னா சார் பண்றீங்க?" என்று நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

சாமைக் கொல்லையிலிருந்து வந்து நின்ற பெண்களில் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"குடிச்சிருக்கான், அதான் பிடி நிக்கல," என்றார் இன்ஸ்பெக்டர். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அடுத்த நொடி காலைத் தட்டி பொன்னுரங்கத்தைக் குப்புறத் தள்ளி, முதுகில் முட்டியை ஊன்றி உட்கார்ந்தார். "அடங்குடா!" என்று கத்தினார். அடங்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

பொன்னுரங்கத்தின் கை மண்ணைத் தட்டியது. இரண்டு தடவை. பிறகு இன்னும் இரண்டு. அவருக்கு எந்த விதியும் தெரியாது, மூச்சுக்குத் தவிக்கிற கை தானாகத் தட்டியது.

"சார், தட்டறாரு! வுடுங்க சார்!" என்று கத்தினாள் செல்வி.

"நடிக்கிறான்," என்றார் இன்ஸ்பெக்டர்.

நேற்று தன்னைச் சொன்ன அதே சொல். மண்ணில் அந்தக் கை தளர்ந்து நின்றது. உலையும் சம்பளமும் செல்விக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. இன்ஸ்பெக்டரின் மணிக்கட்டைப் பிடித்து, ராமசாமி சொல்லிக்கொடுத்தபடியே திருகினாள். அந்த மகாவீரர் பாத்திரம் கழுவிய சேற்றில் மல்லாந்தார். நான்கு நாளில் அந்தப் பிடிக்கு நிஜமாக விழுந்த முதல் ஆள் அவர்தான். வலியில் சேற்றை இரண்டு தட்டுத் தட்டினார்.

செல்வி உடனே விட்டுவிட்டாள்.

பொன்னுரங்கத்தை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். ஒரு பயங்கரமான கணம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் விசிலடித்துக்கொண்டு மூச்சு வந்தது. ஆயம்மாள் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"உன் வேலைய இன்னிக்கே காலி பண்றேன்!" என்று சேற்றிலிருந்து எழுந்தார் இன்ஸ்பெக்டர். "தமிழழகா! இவ என்னப் புடிச்சுத் தள்ளினத பாத்தல்ல? ரிப்போர்ட்ல எழுது."

தமிழழகன் பொன்னுரங்கத்தைப் பார்த்தான். அவனுடைய லீவு மனு இன்னும் ஒன்று இன்ஸ்பெக்டர் மேஜையில் கிடந்தது. அட்டென்ஷனில் நின்று பதில் சொன்னான்.

"யாரும் தொடவே இல்லீங்களே சார். நீங்களாதான் வுழுந்தீங்க."

ஆயம்மாள் சட்டையை எடுத்துவந்தாள். செல்வி அதைப் பொன்னுரங்கத்துக்கு மாட்டிவிட்டு, காற்று வருகிற முன் சீட்டில் உட்காரவைத்தாள். இன்ஸ்பெக்டர் பின்னால் ஏறிக்கொண்டார்.