காய்ந்த பிறகு வரும் நிறம்

ஜோதி தண்ணீர்ப் புட்டியை அழுத்தி அழுத்திச் சோபாவின் இடது கையை நனைத்துக்கொண்டிருந்தாள். துணி ஈரமாக இருந்தால்தான் பெயிண்ட் நூலுக்குள் இறங்கும். உலர்ந்த துணியில் பூசினால் அப்பளம் மாதிரி மேலேயே விறைத்து நின்றுவிடும். பழைய தலையணை உறைகளைப் பாழாக்கித்தான் அதைக் கற்றுக்கொண்டாள்.

எதிரே கட்டிலில் கணவர் தீர்த்தகிரி கிடந்தார். பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. இனிச் செய்ய ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். இத்தனை நாளும் அவருடைய கட்டில் ஜன்னலைப் பார்த்துத்தான் கிடந்தது. இன்று காலை கஞ்சி புகட்டி, வாய் துடைத்து, துணி மாற்றிவிட்ட பிறகு, ஜோதி கட்டிலை இழுத்துச் சோபாவுக்கு நேராகத் திருப்பிப் போட்டாள். தலைக்கு இன்னொரு தலையணையும் கொடுத்தாள்.

"தெரியுதுங்களா? நல்லாப் பாருங்க."

சோபா சந்தன நிறம். தீர்த்தகிரி போர்வெல் போடும் ரிக் வண்டி இரண்டாவதாக வாங்கியபோது இந்த வீட்டுக்கு வந்தது. அந்த வருஷம்தான் ஜோதிக்கு மாதவிடாய் நிற்கிற காலம். நாள் கணக்கே இல்லாமல் உதிரம் போய்க்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் கண்ணை இருட்டிக்கொண்டு வர, விழுந்துவிடாமலிருக்க அந்தச் சோபாவில் உட்கார்ந்தாள். தொழில் கூட்டாளி காளிதாஸையும் வெளியூர்க்காரர்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு தீர்த்தகிரி உள்ளே வந்தது அப்போதுதான். அவள் பதறி எழுந்தாள். சோபாவில் கறை.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பாள். சிரித்தார்.

"பாரு காளி, என்ற பொண்டாட்டி சோபாவுக்குப் பொட்டு வெச்சுட்டா!"

காளிதாஸ் வயிறு குலுங்கச் சிரித்தான். சேலை மாற்றக்கூட விடாமல், அவர்கள் காபி குடித்து முடிக்கிறவரை அங்கேயே மண்டியிட்டுத் தேய்க்க வைத்தார். கறை போகவில்லை. வெளுத்து, பழுப்பாக, உள்ளங்கை அகலத்துக்குத் தங்கிவிட்டது. அப்புறம் வந்தவர் போனவருக்கெல்லாம் அந்தப் பொட்டுக் கதைதான். மலர்விழியைப் பெண் பார்க்க வந்தவர்களிடமும் சொன்னார். தட்டோடு நின்றிருந்த ஜோதி மகளைப் பார்த்தாள். மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ஜோதி அந்தச் சோபாவில் உட்கார்ந்ததில்லை.

பெயிண்டுகளைச் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் வாங்கி வந்து கொடுத்தவள் மலர்விழிதான். அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று நினைத்திருப்பாள். ஜோதி சிவப்பில் பழுப்பைச் சேர்த்தாள், கருப்பில் ஒரு துளி விட்டாள். துண்டுத் துணியில் தொட்டு வைத்துக் காயவிட்டுப் பார்த்தாள். பளிச்சென்ற சிவப்பு அவளுக்கு வேண்டாம். சேலையில் காய்ந்த பிறகு வரும் நிறம்தான் வேண்டும். அது அவளுக்கு மனப்பாடம்.

சோபாவின் கைகள் பூசி முடிந்தன. முதுகுச் சாய்வு முடிந்தது. தீர்த்தகிரியின் வலது கண்ணிலிருந்து நீர் வடிந்தது. நோய் வந்ததிலிருந்தே அந்தக் கண் வடிந்துகொண்டுதான் இருக்கிறது. அது அழுகையா இல்லையா என்று தெரியாதது அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"பொட்டு எங்கீங்க? தேடுங்க பாக்கலாம்."

அவர் தொண்டைக்குள் ஒரு சத்தம் வந்தது. இடது கை எழும்பி வாய்ப்பக்கம் போனது. அவருடைய ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளுக்கு அர்த்தம் தெரியும். இது தண்ணீர்.

"இந்த மெத்தைய முடிச்சுட்டு வாரனுங்க. பாதியில உட்டாக் கோடு உழுந்துரும்."

அது பொய்யில்லை. பாதியில் விட்டால் கோடு விழத்தான் செய்யும். ஆனால் அவள் மெதுவாகப் பூசினாள். சத்தம் மறுபடி வந்தது. மூலைகளில் நுனிப் பிரஷால் இழுத்தாள். பிறகு மெத்தையைப் புரட்டி, யார் கண்ணிலும் படாத அடிப்பக்கத்தையும் பூசினாள். அப்போது சத்தம் வரவில்லை.

டம்ளரும் கரண்டியுமாக வந்து வாயில் ஊற்றியபோது, தண்ணீர் உள்ளே போகாமல் கடைவாய் வழியே கழுத்துக்கு வழிந்தது. கண்கள் திறந்தபடி சோபாவைப் பார்த்திருந்தன.

ஜோதி டம்ளரைக் கீழே வைத்தாள். பிரஷ் காய்ந்தால் வீணாகிவிடும் என்று அதைக் கழுவினாள். அதற்கப்புறம்தான் மகளுக்குப் போன் போட்டாள்.

கண்ணாடிப் பெட்டிக்கு இடம் வேண்டுமென்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சோபாவைத் தூக்கி வாசல் பந்தலில் போட்டார்கள். அதற்குள் அது காய்ந்துவிட்டிருந்தது. மத்தியானம் தீர்த்தகிரியின் அக்கா குஞ்சம்மாள் வந்து பெட்டிமேல் விழுந்து அழுதாள். அழுது ஓய்ந்ததும் ஜோதியின் முதுகைத் தடவினாள்.

"கொழந்தையாட்டம் பாத்துக்கிட்டியே சாமி. கடைசியா ஒரு வாய் தண்ணி ஊத்துனியா?"

"கேட்டாருங்க."

"ஊத்துனியா?"

"நான் பெயிண்ட் அடிச்சுட்டிருந்தனுங்க."

முதுகில் இருந்த கை நின்றது. சுற்றியிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குஞ்சம்மாள்தான் முதலில் பேசினாள்.

"பித்துப் புடிச்சாப்ல பேசறா பாருங்க. ராவும் பகலும் தூங்காமப் பாத்தவளுக்கு வேறெப்படி இருக்கும்?" என்று ஜோதியை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். ஜோதி இன்னொரு முறை சொல்ல வாயெடுத்தாள். குஞ்சம்மாள் அவளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

மலர்விழி மட்டும் உச்சுக்கொட்டவில்லை. அம்மாவின் நகக்கண்களைப் பார்த்தாள். எழுந்து வாசலுக்குப் போனாள். ஜன்னல் வழியே ஜோதிக்கு அவள் தெரிந்தாள். சோபாவின் முன் நின்று வெகுநேரம் பார்த்தாள். குனிந்து ஒரு விரலால் தடவினாள்.

காளிதாஸ் பெரிய ரோஜா மாலையோடு காரிலிருந்து இறங்கினான். உள்ளே ஒரே நெரிசல். பிளாஸ்டிக் நாற்காலிகளிலும் ஆட்கள். சோபாவில் மட்டும், பூசினது ஒட்டுமோ என்று பயந்தோ என்னவோ, ஒருவரும் உட்காரவில்லை. காளிதாஸ் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அதனருகே போனான்.

"உக்காருங்க மாமா," என்றாள் மலர்விழி. "காஞ்சிருச்சுங்க. அம்மாதான் நெறம் கலக்கி அடிச்சாங்க."

"அப்படியா சாமி? இதுக்கு முன்னால..." என்று தொடங்கியவன் நிறுத்தினான்.

"ஆமாங்க. முன்னால ஒரு பொட்டுத்தான் இருந்துச்சு."

காளிதாஸ் சோபாவைப் பார்த்தான். மலர்விழி கண்ணைத் தாழ்த்தவில்லை. அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். கம்பிகளுக்கு அந்தப்பக்கம் ஜோதி இருந்தாள்.

சோபாக் கைமேல் வைத்திருந்த கையை அவன் எடுத்துக்கொண்டான். பந்தலுக்கு வெளியே போய் நின்றான். பாடை கட்டி முடிக்க இன்னும் நேரமிருந்தது. யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டதற்கு வேண்டாமென்று தலையாட்டினான். வைகாசி வெயிலில் மாலையை நெஞ்சோடு பிடித்தபடி, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருந்தான்.