காந்தமானியும் துறைத்தலைவரின் இடுப்பும்

பாறையின் காந்தத்தை அளக்கிற கருவியை வைத்துக்கொண்டு, ஒரு மனுஷனுக்கு முதுகில் எந்த இடத்தில் வலிக்கிறது என்று அவரைத் தொடாமல், ஒரு வார்த்தை கேட்காமல், விரற்கடை பிசகாமல் சொன்னவள் இந்தப் பூமியில் ஒருத்திதான். ஆய்வகத்தில் அவளுக்கு முள்ளக்கா என்று பெயர். திசைகாட்டி முள் மாதிரி, யார் எந்தப் பக்கம் திருப்பிவிட்டாலும் தன் பக்கத்துக்கே வந்து நிற்பாள்.

அவள் ஆட்சி செய்த அறைக்கு, வெளிக் காந்தம் நுழையாதபடி மூன்று அடுக்குத் தகடு. நடுவில் காந்தமானி. அவள் கொழுந்தன் கீழ்த்தளத்தில் பாறையைக் கட்டைவிரல் கனத்துக்கு உருளை உருளையாக அறுத்துக் கொடுப்பான். அதைத் தாங்கியில் வைத்துச் சுழற்றினால், பல லட்சம் வருஷத்துக்கு முன்னால் அந்தக் கல் எந்தத் திசையைப் பார்த்து இறுகியது என்று கருவி சொல்லிவிடும். முந்தாநாள் சாப்பிட்ட கீரையின் இரும்புச் சத்தைக்கூட அது காட்டிக்கொடுக்கும் என்று முள்ளக்கா சத்தியம் செய்வாள். அதனால்தான் வாசலில் ஒரு தட்டு. சாவி, கடிகாரம், பெல்ட், கொண்டை ஊசி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தினமும் முதல் வேலை, கல் வைக்காமல் வெறும் தாங்கியை அளப்பது. பூஜ்யத்தை ஒட்டி நின்றால்தான் அன்றைக்கு வேலை.

இப்படிப் பதினோரு வருஷம் பூப்போலப் பார்த்துக்கொண்டவளுக்குத்தான் துறைத்தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. கருவி பழுது. இயக்குபவர் கவனக்குறைவு. மூன்று மாத அளவுகள் தள்ளுபடி. இயக்குபவரை ரசாயனக் கிடங்குக்கு மாற்றலாம்.

"அண்ணி, நானூறு கல்லு!" என்றான் கொழுந்தன். "அறுத்த எனக்கு ரெண்டு தோளும் கழண்டு போச்சு. எல்லாத்தையும் தூக்கிப் போடவா?"

"கல்லை விடுடா. கவனக்குறைவாம்! எனக்கு!"

அவள் மூக்கிலிருந்து வந்த அனலுக்கு மாடியில் தீயணைப்பு மணி தானாக அடித்ததாம். கடிதத்தோடு நேரே தலைவர் அறைக்குள் நுழைந்தாள்.

"சார், நான் அளக்கும்போது வெறும் தாங்கி பூஜ்யம்தான் காட்டுது."

"நான் வந்து பாத்த மூணு தடவையும் எண் குதிச்சுதேம்மா. என் கண்ணை நம்பறதா, உங்க வாயை நம்பறதா?"

"அப்ப குதிச்சது கருவி இல்ல சார். நீங்க."

அதற்கு மேல் அவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. விறுவிறுவென்று கருவி அறை வாசலுக்கு வந்து தட்டில் சாவியை எறிந்தார், கடிகாரத்தை எறிந்தார், பெல்ட், கண்ணாடி, கடைசியில் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு உள்ளே போனார். தாங்கி காலி. எண் தவளை மாதிரி குதித்தது.

"பாத்தீங்களா?" என்று சிரித்தார். "இன்னும் என்ன, தோலை உரிச்சுத் தட்டுல வைக்கவா?"

முள்ளக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணையே பார்த்தாள். வாசலில் நின்ற கொழுந்தனிடம் ஏதோ சொல்ல அவர் திரும்பினார். எண் கூரைக்குப் போனது. மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார். சட்டென்று இறங்கியது.

"சார், அப்படியே மெதுவா சுத்துங்க."

"என்னது?"

"உங்களைத் தாங்கியில வைக்க முடியாதுல்ல. நீங்களே சுத்துங்க."

கோபத்திலோ சொன்னால் கேட்கிற பழக்கத்திலோ, மனுஷன் சுற்றிவிட்டார். நான்கு திசைக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டாள். பிறகு அவர் முதுகைக் கருவிப் பக்கம் திருப்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் குனியச் சொன்னாள், அதையும் குறித்தாள்.

"இடுப்புக்கு ரெண்டு விரல் மேல, இடது பக்கம். அங்கதான வலிக்குது சார்?"

தலைவர் முகம் வெளுத்தது. "எனக்கு வலியே கிடையாது! உளறாதீங்க!" என்று பின்பக்கமாகவே நடந்து வெளியே போனவர், நடையில் இருந்த இரும்பு அலமாரியில் சாய்ந்தார்.

டக்.

முன்னால் வரப் பார்த்தார், முடியவில்லை. முக்கி இழுத்தார். அலமாரி இரண்டடி கூடவே வந்தது. கொழுந்தன் அளவுநாடா வைத்து அளந்தே சொன்ன கணக்கு. சட்டையைத் தூக்கிப் பார்த்தால், வலி போகுமென்று இடது பக்கமாக இருபத்துநாலு காந்தம் தைத்த இடுப்புப் பட்டை! போன மாதம்தான் இதே மனுஷர் கூடத்தில் ஒரு மணி நேரம், காந்தப் பட்டையெல்லாம் ஊரை ஏமாற்றுகிற வேலை என்று முழங்கியிருந்தார்.

"வீட்ல வாங்கிக் குடுத்தாங்க," என்று முனகினார்.

"பட்டைக்கு வலி கேக்குதா சார்?" என்றான் கொழுந்தன் பரிவோடு.

"வெதுவெதுப்பா இருக்கு."

பட்டையை அலமாரியிடமே விட்டுவிட்டு மறுபடி உள்ளே போனார்கள். பூஜ்யம். அவர் நடந்தார், குனிந்தார், சுற்றினார். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.

முள்ளக்காவுக்குக் கோபம் இறங்குவதாக இல்லை. கருவியின் பதிவேட்டைப் பிரித்து வைத்தாள். அதில் 'தடங்கலுக்குக் காரணம்' என்று ஒரு பத்தி. ஆறு வருஷத்துக்கு முன்னால் அவளே எழுதியிருந்தாள்: 'கொண்டை ஊசி. என்னுடையது.'

அவர் வந்துபோன மூன்று தேதிகளையும் விரலால் காட்டினாள். அவர் எழுதினார்: வெளிப்புறக் காந்தப் புலம்.

"எந்த வெளிப்புறம் சார்? அடிச்சிட்டு எழுதுங்க."

"ஒரு மரியாதைக்காவது விடக்கூடாதா?"

"உங்க கடிதத்துல என் மரியாதை எந்த வரியில இருந்துச்சு?"

அடித்தார், 'காந்தப் பட்டை. என்னுடையது.' என்று எழுதினார், மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டார். கடிதத்தையும் வாங்கிக் குறுக்கே கோடு கிழித்து, 'திரும்பப் பெறப்படுகிறது' என்று எழுதிக் கொடுத்தார்.

"சத்தமாப் படிங்க. கொழுந்தனுக்குக் காது மந்தம்."

"எனக்கா?" என்றான் அவன்.

துறைத்தலைவர் பேனாவை மூடினார். "நடந்தது உண்மைதாம்மா. கருவி மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. குதிச்சது என் இடுப்புதான்."